ஹோட்டல் பாயின்ட்டில் குடும்பத்தோடு ரிசார்ட்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு குழுமத்தின் ஹோட்டல்களில் தங்கத் தங்க உறுப்பினர் கணக்கில் சேர்ந்து, பிறகு அறைக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடியதுதான் ஹோட்டல் பாயின்ட். அதை வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இப்போது நிறைய. நெய்வேலியிலிருந்தும் சிப்காட்டிலிருந்தும் கம்பெனி வேலையாக வெளியூர் போய்த் தங்குகிறவர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள், பாரீஸிலிருந்து வரும் சித்தப்பா குடும்பம் என்று வீட்டில் யாராவது ஒருவர் கணக்கில் கொஞ்சம் கிடக்கும். அதை எடுத்து எல்லோரும் சேர்ந்து ஒரு ரிசார்ட்டுக்குப் போகலாம் என்று முடிவானதும், "இத்தனை பாயின்ட்டுக்குக் கிடைக்கிற பெரிய ஹோட்டல் எது?" என்றுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். அப்படித் தேடினால், ஆயா ஏற முடியாத படிக்கட்டும் குழந்தை இறங்க முடியாத ஆழக் குளமும் உள்ள இடத்தில் போய் நிற்க வேண்டியதாகிவிடும். யார் வருகிறார்கள் என்பதில் தொடங்குங்கள். பாயின்ட் கணக்கு கடைசியில் வரட்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: வருகிறவர்களின் வயதை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து வரப்போகும் ஒவ்வொருவரின் வயதையும் எழுதுங்கள். ரிசார்ட்டில் எல்லாம் வயதை வைத்துத்தான் முடிவாகிறது. பல ஹோட்டல்களில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை இல்லாமல் கட்டணம் கிடையாது. 6 முதல் 12 வரை காலை உணவுக்குப் பாதிக் கட்டணம் இருக்கலாம். 12 தாண்டினால் பெரியவர் கணக்கு. குழந்தைகளுக்கான விளையாட்டு அறையிலும் பெரும்பாலும் 4 வயதுக்குக் கீழே இருந்தால் தாயோ தந்தையோ கூடவே உட்கார வேண்டும். இந்த எல்லைகள் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். வயது கையில் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

பெரியவர்களுக்கு வேறு பட்டியல். முழங்கால் வலி உள்ளவருக்கு இருபது ஏக்கரில் பரந்து கிடக்கும் ரிசார்ட் ஒரு சுமை. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒவ்வொரு வேளையும் நடந்து போக வேண்டும். பேட்டரி வண்டி உண்டா, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும், தரைத்தள அறை கிடைக்குமா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். குளிப்பதற்குத் தொட்டி மட்டும் உள்ள அறையில் வயதானவர்கள் கால் தூக்கி உள்ளே இறங்குவதே ஆபத்து. தரையில் நின்றபடியே ஷவரில் குளிக்கும் வசதி தனியாக உள்ள அறையைக் கேளுங்கள்.

இரண்டாவது படி: உங்கள் பாயின்ட் எந்தக் கடையில் செல்லும்?

ஒவ்வொரு ஹோட்டல் குழுமத்தின் பாயின்ட்டும் அந்தக் குழுமத்துக்குள் மட்டும்தான் செல்லும். நம் வட்டாரத்துக்கு இது முக்கியம். புதுச்சேரியில் தங்குவதற்கு நல்ல இடங்கள் ஏராளம், ஆனால் வெள்ளை நகரத்தின் பழைய பிரெஞ்சு வீடுகளை ஹோட்டலாக்கியவற்றில் பெரும்பாலானவை எந்தப் பன்னாட்டுப் பாயின்ட் திட்டத்திலும் இல்லை. அவை தம்பதிகளுக்கு அழகானவை; செங்குத்தான மரப் படியும் சிறு குளமும் உள்ளவை. அவற்றில் தங்க ஆசை இருந்தால் ரொக்கமாகக் கொடுத்துத் தங்குங்கள். பாயின்ட் இருக்கிறது என்பதற்காக விருப்பமில்லாத இடத்தில் தங்க வேண்டியதில்லை.

பெயரில் ஏமாறாதீர்கள். புதுச்சேரியில் உள்ள 'அக்கார்ட்' தமிழ்நாட்டுக் குழுமத்தைச் சேர்ந்தது. பிரான்சின் 'அக்கோர்' வேறு. பாரீஸ் உறவினர்களிடம் இருப்பது அக்கோரின் 'ஆல்' பாயின்ட். அது நொவோடெல், ஐபிஸ், சோஃபிடெல் போன்ற இடங்களில் செல்லும். அதன் மதிப்பு நிலையானது: 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ கழிவு. அறை விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது என்பதால் கணக்குப் போடச் சுலபம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாரியட் குழுமத்தின் 'பான்வாய்' பாயின்ட் இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள ஷெரட்டன் கிராண்ட் ரிசார்ட் நமக்கு அருகில். ஐஎச்ஜி (இன்டர்கான்டினென்டல் குழுமம்) பாயின்ட்டுக்கு நெம்மேலியில் இன்டர்கான்டினென்டல் மகாபலிபுரம் ரிசார்ட். தாஜ் குழுமத்தில் சேர்வது நியூகாயின். ஒரு காயின் ஒரு ரூபாய், கோவளம் ஃபிஷர்மேன்ஸ் கோவ் அதில் வரும். மாமல்லபுரத்தில் ஐடிசி குழுமத்தின் வெல்கம்ஹோட்டல் உண்டு. புதுச்சேரியில் இருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடலூரிலிருந்து இன்னும் இருபத்தைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். காரில் குழந்தையோடு போகும் தூரம்தான். பக்கத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா, மாமல்லபுரம் சிற்பங்கள் என்று பிள்ளைகளைக் கூட்டிப்போக இடமும் இருக்கிறது.

கொஞ்சம் தொலைவு போகலாம் என்றால் ஹயாட் பாயின்ட்டுக்கு கொச்சி போல்காட்டித் தீவில் கிராண்ட் ஹயாட், கோவாவில் அலிலா திவா. மாரியட்டுக்கு பெங்களூரு நந்தி மலைப் பக்கம் ஜேடபிள்யூ மாரியட் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இலங்கை. சென்னையிலிருந்து விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. தென்கரையில் வெலிகம பே மாரியட் இருக்கிறது. சோறும் மீன் குழம்பும் கிடைக்கிற ஊர். வயதானவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை வராது.

மாலத்தீவுக்குப் பாயின்ட்டில் அறை எடுக்கும் முன் நில்லுங்கள். மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகுக்கோ கடல் விமானத்துக்கோ தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பாயின்ட் அதற்குச் செல்லாது. நால்வர் குடும்பத்துக்கு அந்தச் செலவிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல அறை எடுத்துவிடலாம்.

மூன்றாவது படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

நம்மவர்களுக்கு உள்ள பெரிய வசதி, கடற்கரை நமக்குப் பக்கத்திலேயே இருப்பது. சென்னைக்காரர்களும் பெங்களூருக்காரர்களும் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி வந்து ஞாயிறு மதியம் திரும்புகிறார்கள். அந்த இரண்டு இரவுகளில்தான் விலையும் கேட்கும் பாயின்ட்டும் உச்சத்தில் இருக்கும். விடுமுறைக் காலத்தில் ஞாயிறு மதியம் அவர்கள் வெளியே வரும்போது நாம் உள்ளே போகலாம். குளத்தில் கூட்டம் இருக்காது, காலை பஃபேயில் வரிசை இருக்காது, பணியாளர்கள் குழந்தையோடு நின்று பேச நேரம் இருக்கும்.

மே மாதக் கத்திரி வெயிலில் கடற்கரை ரிசார்ட் வேண்டாம் என்பேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அறைக்குள்தான் இருக்க நேரும். ஜனவரி பொங்கல் விடுமுறையும் பிப்ரவரியும் அருமை. கோடை விடுமுறைப் பாயின்ட்டை மலைக்கு ஒதுக்குங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் கரைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் இந்தப் பருவத்தின் வாலில்தான் வருகிறது. இங்கேதான் பாயின்ட் பதிவின் பெரிய நன்மை தெரியும்: பெரும்பாலான பாயின்ட் பதிவுகளைக் குறிப்பிட்ட நாளுக்கு முன் கேன்சல் செய்தால் பாயின்ட் முழுதும் கணக்குக்குத் திரும்பிவிடும். குறைந்த விலையில் முன்பணம் கட்டிய ரொக்கப் பதிவில் அப்படித் திரும்பாது. ஆகவே மழைக்காலப் பயணத்துக்குப் பாயின்ட்டை வையுங்கள், தெளிவான வானம் உள்ள மாதங்களுக்கு ரொக்கத்தை வையுங்கள். கேன்சல் கடைசி நாள் எது என்பதை உறுதிச்சீட்டில் பார்த்து, அதற்கு முந்தைய நாளுக்கு அலாரம் வையுங்கள். சில ரிசார்ட்டுகள் ஒரு நாள் முன்பு வரை விடுகின்றன, சில ஒரு வாரம் கேட்கின்றன.

நான்காவது படி: அறையைத் தேடும் முறை

செயலியில் தேடும்போது பலரும் 'பெரியவர்கள் 2' என்று மட்டும் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் போட்டுத் தேடுங்கள். மூன்று பேருக்கு மேல் அனுமதிக்காத அறை அப்போதே பட்டியலிலிருந்து விலகிவிடும். பிள்ளையை மறைத்துப் பதிவு செய்துவிட்டு, ரிசப்ஷனில் இரவு எட்டு மணிக்கு எக்ஸ்ட்ரா பெட்டுக்கு வாதாடுவது யாருக்கும் நல்லதல்ல. எக்ஸ்ட்ரா பெட் கட்டணத்துக்குப் பாயின்ட் பொதுவாகச் செல்லாது, ரொக்கம்தான்.

குறைந்த பாயின்ட்டுக்குக் கிடைப்பது அடிப்படை அறை. ஒரே பெரிய கட்டிலா, இரண்டு கட்டிலா என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இரண்டு கட்டில் உள்ள அறை நிம்மதி. தாத்தா பாட்டியும் சேர்ந்தால் இரண்டு அறை. அவை ஒன்றோடொன்று உள்கதவால் இணைந்த கனெக்டிங் அறைகளாக இருந்தால் நல்லது, ஆனால் செயலியில் அதைக் கேட்டால் 'கோரிக்கை' என்று மட்டும் பதிவாகும். உறுதியாக வேண்டுமென்றால் அந்த ரிசார்ட்டின் சொந்த முன்பதிவுப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். குழுமத்தின் பொது உதவி எண்ணில் இருப்பவருக்கு அந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவு எதில் திறக்கும் என்று தெரியாது.

உயர்ந்த அறைக்குக் கூடுதல் பாயின்ட் கேட்டால், பெரும்பாலும் அது கட்டாது. ஒரு விதிவிலக்கு உண்டு. தாய்லாந்தின் ஹாலிடே இன் ரிசார்ட் புக்கெட் போன்ற இடங்களில் பிள்ளைகளுக்கென்றே தனிப் படுக்கை மூலை அமைத்த குடும்ப அறைகள் இருக்கின்றன. அதை எடுத்தால் இரண்டாவது அறை தேவைப்படாது என்றால் கூடுதல் பாயின்ட் கொடுக்கலாம்.

ஐந்தாவது படி: போனில் கேட்க வேண்டியவை

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். படங்களில் எல்லா ரிசார்ட்டும் குழந்தைகளுக்கு ஏற்றதாகத்தான் தெரியும்.

குளத்தைப் பற்றி: குழந்தைகளுக்குத் தனிக் குளம் உண்டா, ஆழம் எத்தனை அடி, காவலர் எத்தனை மணி வரை இருப்பார், பெரிய குளத்துக்கும் சிறு குளத்துக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா? தரைத்தள அறையின் கதவைத் திறந்தால் நேரே குளம் என்பது படத்தில் அழகு. நடை பழகும் குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த அறை வேண்டவே வேண்டாம். மாடி அறை என்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைக் கேளுங்கள்.

கடலைப் பற்றி நமக்கே தெரியும். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கரையிலும் அலையின் இழுப்பு எத்தனை வீடுகளில் துக்கத்தை வைத்திருக்கிறது. கோவளம், நெம்மேலிப் பக்கமும் அதே வங்கக் கடல்தான். ரிசார்ட்டின் பின்வாசலில் கடற்கரை என்று போட்டிருந்தால், அது பார்ப்பதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நீந்துவதற்குக் குளம். இதைப் பிள்ளைகளிடம் காரில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி: பாயின்ட் அறையில் காலை உணவு பெரும்பாலும் சேராது. பிளாட்டினம் மாதிரி உயர்நிலை உறுப்பினருக்குக் கிடைத்தாலும் இருவருக்குத்தான் இருக்கும், பிள்ளைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட்டில் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டால் அறை இலவசமாகக் கிடைத்த மகிழ்ச்சி பில்லில் கரைந்துவிடும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல்களின் உணவகத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் சேருங்கள். நடந்தோ ஐந்து நிமிட காரிலோ போகும் தூரத்தில் சாதாரண ஹோட்டல் இருக்கிறதா, வெளியிலிருந்து உணவு வரவழைக்கலாமா, குழந்தைக்குப் பால் காய்ச்சவும் ரசம் சாதம் குழைத்துத் தரவும் சமையலறை ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். நல்ல ரிசார்ட்டுகள் இதை முகம் சுளிக்காமல் செய்யும். தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் அந்த இடம் குடும்பத்துக்கு இல்லை.

இரவில் மருத்துவர் அழைத்தால் வருவாரா, அருகில் உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் விடாதீர்கள். கேட்டு முடித்ததும், சொன்னவற்றை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆறாவது படி: இப்போது பாயின்ட் கணக்கு

இதுவரை வந்த வடிகட்டலில் இரண்டு மூன்று ரிசார்ட்டுகள்தான் மிஞ்சியிருக்கும். அவற்றில் எதற்குப் பாயின்ட், எதற்கு ரொக்கம் என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும். சூத்திரம் எளிது: அதே அறைக்கு, அதே நாளுக்கு, வரியோடு சேர்த்து ரொக்கத்தில் எவ்வளவு என்று பாருங்கள். பாயின்ட்டில் போனாலும் கையிலிருந்து கொடுக்க வேண்டிய கட்டணம் ஏதாவது இருந்தால் அதைக் கழியுங்கள். அந்த மீதியை, ஹோட்டல் கேட்கும் பாயின்ட் எண்ணிக்கையால் வகுங்கள். வருவது ஒரு பாயின்ட்டின் மதிப்பு.

வரியை விட்டுவிட்டால் கணக்கே தப்பும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பாயின்ட் அறைக்கு இந்த வரி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பதிவை முடிக்கும் கடைசித் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. சனிக்கிழமை அறை 14,000 ரூபாய், வரியோடு 16,520. கேட்பது 24,000 பாயின்ட். ஒரு பாயின்ட் ஏறத்தாழ 69 பைசா. அதே அறை திங்கட்கிழமை 9,000, வரியோடு 10,620. கேட்பது 22,000 பாயின்ட். அப்போது 48 பைசாதான். விலை வேகமாகக் குறையும், பாயின்ட் அந்த அளவுக்குக் குறையாது. மாரியட் போன்றவற்றில் 60 பைசாவுக்கு மேல் வந்தால் நான் பாயின்ட்டை எடுப்பேன். 50க்குக் கீழே என்றால் ரொக்கம் கொடுத்துத் தங்கி, அதற்கும் பாயின்ட் சேர்த்துக்கொள்வேன். இது ஒவ்வொரு திட்டத்துக்கும் வேறு. ஹயாட் பாயின்ட் ஒன்றின் மதிப்பு இதைவிட அதிகம், ஹில்டனுடையது குறைவு. அவற்றை ஒரே அளவுகோலில் ஒப்பிடாதீர்கள்.

ரொக்க விலை காலை உணவோடு சேர்ந்ததா என்பதில் கவனம். உணவோடு உள்ள ரொக்க விலையையும் உணவில்லாத பாயின்ட் அறையையும் பக்கத்தில் வைத்தால் பாயின்ட் வீணாக மின்னும். உணவில்லாததை உணவில்லாததோடு ஒப்பிடுங்கள்.

நீண்ட விடுமுறை என்றால் ஒரு சலுகை இருக்கிறது. மாரியட்டில் பாயின்ட் கொடுத்து ஐந்து இரவு எடுத்தால் அதில் பாயின்ட் குறைந்த ஓர் இரவு இலவசம். ஹில்டனில் சில்வர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்தாவது இரவு இலவசம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்து இரவு பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். இலங்கை, தாய்லாந்துப் பயணத்துக்கு இதை வையுங்கள். வெளிநாட்டில் சில இடங்களில் 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக வாங்குவார்கள். பாயின்ட் இரவுகளுக்கு ஹயாட்டும் ஹில்டனும் அதைத் தள்ளுபடி செய்கின்றன, மாரியட் செய்வதில்லை.

ஏழாவது படி: பாயின்ட் போதவில்லையென்றால்

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். கணவன் கணக்கில் கொஞ்சம், மனைவி கணக்கில் கொஞ்சம், துபாய் மச்சான் கணக்கில் கொஞ்சம் இருக்கும். ஹில்டனில் உறவினர், நண்பர்கள் கட்டணமில்லாமல் பாயின்ட்டை ஒன்று சேர்க்கலாம். மாரியட்டில் ஒருவர் ஆண்டுக்கு 1,00,000 பாயின்ட் வரை இன்னொருவருக்கு மாற்றலாம், ஆனால் நேற்றுத் திறந்த கணக்குக்கு உடனே நடக்காது. விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே எல்லோருக்கும் கணக்கு திறந்து வையுங்கள்; காசு ஒன்றும் கிடையாது.

வங்கி அட்டையின் ரிவார்டு பாயின்ட்டை ஹோட்டல் திட்டத்துக்கு மாற்றும் வசதி பல அட்டைகளில் உண்டு. மாற்றிவிட்டால் திரும்பாது. ஆகவே அறை இருப்பதைத் திரையில் பார்த்த பிறகு மாற்றுங்கள். சில மாற்றங்களுக்குச் சில நாள் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். எச்டிஎஃப்சி வங்கி 2023 ஆகஸ்டில் மாரியட்டோடு சேர்ந்து கொண்டுவந்த அட்டை 3,000 ரூபாய் ஆண்டுக் கட்டணத்துக்கு 15,000 பாயின்ட் வரையிலான ஓர் இலவச இரவைத் தந்தது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது அந்தக் குழுமத்தில் தங்குகிறவர்களுக்கு அது பயன். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அட்டைப் பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டி எந்த ரிசார்ட் இரவையும் விழுங்கிவிடும்.

பாயின்ட்டுக்கு ஆயுள் உண்டு. கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மாரியட், ஹில்டன், ஹயாட் மூன்றிலும் 24 மாதத்தில் காலாவதி. ஐஎச்ஜியில் அடிநிலை உறுப்பினருக்கு 12 மாதம், அக்கோரில் 365 நாள். சித்தப்பாவின் ஆல் பாயின்ட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது இருக்காது.

எட்டாவது படி: போகும் வாரம்

ஒரு வாரம் முன்பு ரிசார்ட்டுக்கு மறுபடி பேசுங்கள். கனெக்டிங் அறை, தரைத்தளம், குழந்தைத் தொட்டில் மூன்றையும் மின்னஞ்சலைக் காட்டி நினைவூட்டுங்கள். பெரியவர் அனைவரின் அடையாள அட்டையும், பிள்ளைகளின் வயதைக் காட்ட ஆதாரும் கையில் இருக்கட்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் கூட வந்தால் அவர்களுக்கு ஆதார் போதாது. அசல் பாஸ்போர்ட்டும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அல்லது விசாவும் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் அவர்களின் விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். முத்தியால்பேட்டை வீட்டிலேயே பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு வந்தால் ரிசப்ஷனில் வழி இல்லை.

யாருடைய கணக்கிலிருந்து பாயின்ட் போனதோ அவர் வரவில்லையென்றால், தங்குகிறவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று முன்பே சரிபாருங்கள். பிள்ளை சிங்கப்பூரில் இருந்து பெற்றோருக்கு எடுத்துத் தரும் அறைகளில் இந்தச் சிக்கல்தான் அதிகம். செக்-இன் செய்யும்போது உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, உணவு பில்லும் அந்த அறைக் கணக்கில் சேரட்டும் என்று சொல்லுங்கள். கணக்குக்கு உரியவர் தாமே தங்கினால், பாயின்ட் இரவாக இருந்தாலும் சாப்பாட்டுச் செலவுக்குப் புதிய பாயின்ட் சேரும் ஹோட்டல்கள் பல. கிளம்பும்போது பில்லை வரி வரியாகப் படித்துக் கையெழுத்திடுங்கள்; அறைக்கு வாடகை போட்டிருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பாயின்ட் வரவில்லையென்றால் அந்தப் பில்லின் நகலோடு குழுமத்துக்கு எழுதினால் சேர்த்துவிடுவார்கள்.